செவரன்ஸ் இரண்டாவது சீசன்: உங்களை இன்னும் உறுத்துகிற சம்பவம் எது?

கீழவாசல்:
பத்து எபிசோடும் பார்த்து முடித்தவர்கள் மட்டும் வாருங்கள். லூமன் கம்பெனி மூளையில் சிப் வைத்து ஒரே ஆளை ஆபீஸுக்குள் இருப்பவர் (இன்னி), வெளியே இருப்பவர் (அவுட்டி) என்று ரெண்டாக்கிவிடும், ஒருவர் நினைவு மற்றவருக்கு இருக்காது; அதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. நேராகக் கடைசிக் காட்சிக்குப் போகிறேன்.

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. கடைசி எபிசோடு காலையிலேயே வந்துவிட்டது, ஆனால் வேலையெல்லாம் முடித்து ராத்திரிதான் உட்கார முடிந்தது. அதுவரை வாட்ஸ்அப் பக்கமே போகவில்லை. ஹாலில் அத்தை (என் மாமியார்) தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷும் தெரியாது, கதையும் முழுசாகத் தெரியாது. ஆனால் ஏழாவது எபிசோடில் மார்க்கின் மனைவி ஜெம்மாவை லூமனில் அடைத்துவைத்து அறை அறையாக அனுப்புவார்களே, ஒன்றில் பல் டாக்டர், ஒன்றில் குலுங்குகிற விமானம், இன்னொன்றில் கை வலிக்க வலிக்க நன்றிக் கடிதம் எழுதுவது, அதை அவரும் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வாராவாரம் ஒரே கேள்விதான்: "அந்தப் பொண்ணு வெளியே வந்துடுச்சா?"

அன்றைக்கு வந்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஜெம்மா, இந்தப் பக்கம் மார்க். அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறாள். இவன் திரும்பி, உள்ளே கூட வேலை செய்கிற, தான் காதலிக்கிற ஹெல்லியைப் பார்க்கிறான். அத்தையின் கை கீரைக்காம்போடு அப்படியே நின்றுவிட்டது. "கட்டினவ அங்கே நிக்கிறா, இவன் எங்கே போறான்?" என்றார்.

நான் ஆர்வமாக விளக்க ஆரம்பித்தேன். அத்தை, இவன் அவன் இல்லை, உள்ளே இருப்பவன் வேறு ஆள், வெளியே போனால் இவன் கதை முடிந்தது, இவனுக்கு அந்தப் பெண் யாரோ எவரோ என்று. பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "ரெண்டு பேருன்னு நீ சொல்றே. அவளுக்கு ஒரு முகம்தானே தெரியுது?" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதுவரை நான் முழுக்க இன்னி மார்க் கட்சி. இப்போதும் கட்சி மாறவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ரெண்டு பேரும் கைகோத்து ஓடும்போது வருகிற பாட்டை என்னால் முழுசாகக் கேட்க முடியவில்லை. நீங்கள் யாரோடு பார்த்தீர்கள்? எது நிற்கிறது?

ரெண்டாம்ஷிப்ட்:
அக்கா, உங்கள் அத்தை மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த எபிசோடின் முதல் பாதியை அவர் பார்த்தாரா? கேம்கார்டரில் ரெண்டு மார்க்கும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்கிற இடம். வெளியே இருக்கிறவன் உருகி உருகி மன்னிப்புக் கேட்கிறான், ரெண்டு பேரையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறான், எல்லாம் சரி. அப்புறம் ஹெல்லியின் பெயரை "ஹெலெனி" என்கிறான் பாருங்கள். உன் உயிரைக் கொடு என்று கேட்க வந்தவனுக்கு, இவன் உயிராக நினைக்கிறவளின் பெயர்கூடத் தெரியவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இவன் போகமாட்டான்.

சரி, என் கதை சின்னது. எங்கள் டீமில் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்ட் எங்கள் மாடியில் "டிங்" என்று நிற்கும்போது எல்லோரும் கண்ணை மேலே செருகி, இமையைப் படபடவென்று அடித்து, இன்னியாக மாறுவதுபோல நடிப்போம். சின்னப்பிள்ளைத்தனம்தான். வாரத்தில் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்று மெயில் வந்த மறுநாள் காலை. லிஃப்ட்டில் நாங்கள் நாலைந்து பேர். அந்த மெயிலை அனுப்பிய எச்ஆர் மேடமும் ஏறினார். எல்லோரும் நல்ல பிள்ளைகளாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டிங்.

மேடம் செய்தார். கண் செருகல், இமைப் படபடப்பு, கடைசியில் அந்த வெற்றுப் பார்வை, எல்லாம் அச்சு அசல். எங்களைவிட நன்றாகவே செய்தார். அப்புறம் எதுவுமே நடக்காததுபோல ஐடி கார்டைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் எங்களோடு சேர்ந்து கிண்டல் செய்தாரா, எங்களையே கிண்டல் செய்தாரா? இன்றுவரை புரியவில்லை.

தூறல்:
லூமனின் கறுப்பின மேலாளர் மில்சிக் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், காணோம். அதனால் நான்.

லண்டனில் வேலை. பக்கத்து மேஜைத் தோழி கறுப்பினத்தவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு வாரமும் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எங்களுக்கு இந்த சீசன்தான். மூன்றாவது எபிசோடில் போர்டு மில்சிக்குக்குப் பரிசு அனுப்புமே, கம்பெனி நிறுவனர் கியரையே கறுப்பராக வரைந்த ஓவியங்கள். நான் அதை "என்ன விசித்திரமான காட்சி" என்ற அளவில்தான் பேசினேன். அவள் மில்சிக்கை விட்டுவிட்டு, போர்டு சார்பில் பேசுகிற கறுப்பினப் பெண் நடாலியைப் பார்த்தாயா என்றாள். போனை எடுத்து, அந்தப் பரிசை ஒப்படைக்கிற இடத்தில் நடாலி சிரிக்கிற ஃபிரேமில் நிறுத்தி, என் டிபன் பாக்ஸ் மேல் சாய்த்து வைத்தாள். உதடு சிரிக்கிறது, கண் வேறு ஏதோ சொல்கிறது. "இந்தச் சிரிப்பு எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினாள். நான் சிரித்தேன்.

அப்போது எங்கள் மேனேஜர் தட்டோடு அந்தப் பக்கமாகப் போனார். நின்று அவளிடம் ஏதோ நல்ல வார்த்தைதான் சொன்னார், பாராட்டு மாதிரி. அவள் நிமிர்ந்து அதே சிரிப்பைச் சிரித்தாள். இந்த முறை நடிப்பு இல்லை. அவர் போன பிறகு நாங்கள் சீரியல் பேசவில்லை.

ஐந்தாவது எபிசோடில் மில்சிக்கின் ரிவ்யூவில், பெரிய பெரிய வார்த்தைகள் பேசுகிறார் என்று குற்றம் சொல்வார்கள். அடுத்த எபிசோடில் அவரும் கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுருக்குவார். அந்த வாரம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. செப்டம்பரில், மில்சிக்காக நடித்த டிராமெல் டில்மனுக்கு எம்மி கிடைத்தது. டிராமா தொடரில் சிறந்த துணை நடிகர் விருதை வாங்கிய முதல் கறுப்பின ஆண் அவர்தான். நடுராத்திரியில் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது, டில்மன் விருதோடு நிற்கிறார். கூட ஒரு எழுத்துகூட இல்லை.

பூனைக்கண்:
எல்லோரும் எட்டாவது எபிசோடைத் தாண்டிக் குதித்து ஓடுகிறீர்கள். ஏழாவதில் ஜெம்மாவை அப்படிக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் முழுக்க லூமனின் பழைய மேலாளர் கோபெல் மட்டும். பனி, கடற்கரை, மூடிப்போன ஈதர் தொழிற்சாலை. 40 நிமிஷம்கூட இல்லை. இணையம் முழுக்கத் திட்டினார்கள்.

எங்கள் வீட்டு சோபாவிலேயே ரெண்டு கட்சி. அத்தான் பாதியிலேயே எரிச்சலாகிவிட்டார். "2022 ஏப்ரலில் முடிஞ்சது, ஸ்ட்ரைக் அது இதுன்னு 2025 ஜனவரி வரைக்கும் இழுத்தான், அதுக்கு இந்தக் கிழவி கதையா?" என்று ரிமோட்டைத் தேடினார். ரிமோட் அக்கா கையில். கோபெல் அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பிரித்து, செவரன்ஸ் சிப்பின் வரைபடம் தன்னுடையதுதான், தன் பெயரைத் தூக்கிவிட்டு லூமன் முதலாளிகளான ஈகன் குடும்பம் தனதாக்கிக்கொண்டது என்று கத்துகிற இடம். அக்கா ரீவைண்ட் செய்தாள். முடிந்ததும் மறுபடி. அத்தான், "புரியலையா? நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள். அவள் பிஎச்டி முடித்தவள். அவள் வரைந்த படங்கள் யார் பெயரில் வெளிவந்தன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அவருக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. ரிமோட்டைத் தேடுவதை விட்டுவிட்டார்.

மற்றபடி ரெண்டாம்ஷிப்ட் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயரைத் தப்பாகச் சொன்னான் என்பதற்காக ஒருத்தியைப் படிக்கட்டில் விட்டுவிட்டு ஓடலாமா?

ரெண்டாம்ஷிப்ட்:
பூனைக்கண், பெயர் ஒரு அடையாளம்தான். இன்னி மார்க்குக்கு அந்தத் தளம் மட்டும்தான் உலகம். வெளியே ஒரு அடி வைத்தால் அவன் இல்லை. தற்கொலை செய்துகொள் என்று கேட்பது நியாயமா? ஜெம்மாவை வெளியே கொண்டுவந்து விட்டது யார்? அவன்தானே?

மழைக்காகிதம்:
நீங்கள் ரெண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் நாலாவது எபிசோடைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஹாஸ்டல் காமன் ரூம், லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டி ஒரு கும்பலாகப் பார்த்தோம். முதல் எபிசோடிலிருந்தே எங்களுக்குள் பந்தயம், வந்திருப்பது இன்னி ஹெல்லியா, அவளுடைய அவுட்டியும் லூமன் முதலாளி மகளுமான ஹெலெனாவா என்று. இரவில் தோட்டக்காரனைப் பார்த்தேன் என்று அவள் விட்ட கதையை யாரும் நம்பவில்லை. கூட வேலை செய்கிற இர்விங் அருவித் தண்ணீரில் அவள் தலையை அமுக்கி உண்மையை வரவழைத்ததும் ரூமே அதிர்ந்தது. பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மேஜைமேல் ஏறி ஆடினார்கள். கிரிக்கெட் மேட்ச் மாதிரி விசில்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி கேட்டாள்: "அப்போ முந்தின ராத்திரி டெண்ட்டுல நடந்தது?" ஆடிக்கொண்டிருந்தவர்கள் இறங்கவில்லை. ஆனால் பெண்கள் பக்கம் சட்டென்று சத்தம் நின்றது. மார்க் ஹெல்லி என்று நினைத்துத்தானே அவளோடு இருந்தான்? ஹெல்லியின் உடம்பு, ஹெல்லிக்குத் தெரியாது. ஒரு பையன், "அதெல்லாம் கதைக்குத் தேவைப்பா, ட்விஸ்ட்டை என்ஜாய் பண்ணு" என்றான். அவள், "இதே வேலையை ஒரு ஆண் ஆள்மாறாட்டம் பண்ணிச் செய்திருந்தாலும் ட்விஸ்ட்டுன்னு விசில் அடிப்பியா?" என்றாள். அவ்வளவுதான். வார்டன் வந்து லைட்டைப் போடும்வரை சண்டை.

ஆறாவது எபிசோடில் மார்க் அதை ஹெல்லியிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், அந்தப் பையன் "ஓ" என்றான். வெறும் "ஓ". எனக்கு அது போதவில்லை.

பழையதூர்தர்ஷன்:
வணக்கம். ஓய்வு பெற்றவன். மகன் நியூஜெர்சியில் இருக்கிறான், போயிருந்தபோது ஹோம்டெல் ஊரில் லூமன் கட்டடமாகக் காட்டுகிற இடத்துக்கு அழைத்துப்போனான். பழைய பெல் லேப்ஸ், 1962-ல் திறந்தது, ஈரோ சாரினன் வடிவமைத்தது. வாசலில் டிரான்சிஸ்டர் வடிவத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. பெருவெடிப்பின் மிச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாஸும் வில்சனும் கண்டுபிடித்தது அதே ஊரில்தான், பெல் லேப்ஸின் ஆன்டெனாவை வைத்து. உள்ளே இப்போது கடைகள், நூலகம், ஜனங்கள். மார்க்கைப் போல நீலக் கோட் போட்ட ஒரு பையன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வேகவேகமாக நடக்க, சிநேகிதன் வீடியோ எடுத்தான். ஒரு குழந்தை ஐஸ்க்ரீமோடு குறுக்கே ஓடிவந்து அந்தக் கோட்டில் மோதிற்று. அவ்வளவுதான் என் அனுபவம்.

நிற்க. இங்கே எழுதியவர்களைப் பார்த்தால் யாருமே ஒழுங்காகப் பார்த்ததாகத் தெரியவில்லை. சில யோசனைகள். முதலாவது, இரண்டாவது சீசனுக்கு முன் முதல் சீசன் ஒன்பது எபிசோடையும் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். மூன்று வருஷ இடைவெளியில் மார்க்கின் சகோதரி கணவர் ரிக்கன் எழுதிய புத்தகம்வரை எல்லாம் மறந்திருக்கும். சுருக்கம் சொல்கிற யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள். வெளிச்சமான ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டு பார்க்கிற தொடர் இல்லை இது. விளக்கை அணையுங்கள், ஹெட்போன் போடுங்கள். தியோடர் ஷபிரோவின் பியானோ இசை போன் ஸ்பீக்கரில் பாதிகூடக் கேட்காது. ஆரம்ப டைட்டிலைத் தள்ளிவிடாதீர்கள். சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கோபெல் முணுமுணுப்பது யாருக்கும் புரியாது. வாரம் ஒன்று என்று வந்ததை அப்படியேதான் பார்க்கவேண்டும், ஒரே ராத்திரியில் பத்தையும் விழுங்கினால் செரிக்காது. முடித்த பின் முதல் எபிசோடுக்குத் திரும்பி, ஹெலெனா கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியாமல் சுவிட்சைத் தடவுவதைப் பாருங்கள். அப்புறம் லூமனுக்குள் வளர்க்கிற ஆடுகள். ஆடுகளைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், நாளைக்கு எழுதுகிறேன்.

கீழவாசல்:
ஐயா, ஹாலில் கீரை ஆய்ந்தது நான் இல்லை, அத்தை. விளக்கை அணைத்தால் கீரையில் புழு இருப்பது யாருக்குத் தெரியும்?

ஹோம்டெல் பற்றி இன்னும் எழுதுங்கள். அந்த நீலக்கோட்டுப் பையன் என்ன செய்தான்?

பழையதூர்தர்ஷன்:
கோட்டைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து நடந்தான்.

பூனைக்கண்:
மூன்றாவது சீசன் உறுதி என்று கடைசி எபிசோடு வந்த அன்றைக்கே அறிவித்துவிட்டார்கள். இனி எத்தனை வருஷமோ. ரெண்டாம்ஷிப்ட், அதுவரை உங்கள் எச்ஆர் மேடத்தைச் சும்மா விடலாமா? எந்தப் பக்கம் என்று நேரடியாகக் கேளுங்கள்.

ரெண்டாம்ஷிப்ட்:
இன்று கேட்டேன். ஹெலெனா பக்கமாம்.