குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து 5 வாரம்: கபாலபாதி செய்யலாமா?

தெம்பனிஸ் பஸ்காரன்:

வணக்கம். வயது 57, பஸ் ஓட்டுகிறேன். மனைவி கொண்டுவந்து கொடுத்த மலப் பரிசோதனைப் பெட்டி மூன்று மாதம் குளியலறை அலமாரியில் கிடந்தது. கூச்சம்தான், வேறென்ன. அவள் சண்டை போட்ட பிறகுதான் செய்தேன். அப்புறம் எல்லாமே வேகம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி, ஸ்கேன், பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய். இரண்டு நிணநீர்க் கணுக்களிலும் பரவி இருந்ததாம், அதனால் மூன்றாம் கட்டம். அடுத்த வாரம் கீமோ.

தொப்புளுக்கு மேலும் கீழுமாக நீளத் தையல். இருமினால் உயிர் போகிறது, அதனால் அடக்கிக்கொள்கிறேன். மூச்சும் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. இரவு 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். காலை ஷிஃப்டுக்கு எழுந்த நேரத்தை உடம்பு இன்னும் மறக்கவில்லை.

மச்சான் தினமும் வாட்ஸ்அப்பில் கபாலபாதி வீடியோ அனுப்புகிறார், வயிற்றை வெடுக்கென்று உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் யோகா பயிற்சி. நச்செல்லாம் வெளியே போய்விடுமாம். நேற்று மனைவி தேக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து இருபது தடவை செய்தேன். தையல் பக்கம் சுருக்கென்று இழுத்தது, நிறுத்திவிட்டேன். சர்ஜன் “லேசான பயிற்சி சரி, பளு மட்டும் தூக்காதீர்கள்” என்றார். கபாலபாதி லேசான பயிற்சியா? வேறு எதைச் செய்யலாம்?

ஈசூன் பிசியோ:

அண்ணே, கபாலபாதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதில் ஒவ்வொரு தடவையும் வயிற்றுத் தசை வெடுக்கென்று இழுபடும். மேல்தோல் ஆறியிருக்கலாம், ஆனால் அடியில் உள்ள தசையுறை பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அங்கே அழுத்தம் கொடுத்தால் தையல் போட்ட இடத்திலேயே குடலிறக்கம் வரக்கூடும்.

எனக்குக் கவலை கபாலபாதி இல்லை, நீங்கள் இருமலை அடக்குவதுதான். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. சளி தங்கும், நிமோனியாவுக்கு வழி. மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்களா? பலர் அதைப் பேரப்பிள்ளையிடம் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள்! எடுத்து வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையைத் தையலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள், வலி பாதியாகத் தெரியும்.

மூச்சுப் பயிற்சிக்கு, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். ஒரு கை வயிற்றின் மேல். மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள், கை தானாக உயரட்டும். 6 எண்ணும்வரை விடுங்கள். உள்ளே அடக்கி வைக்க வேண்டாம். ஐந்தாறு மூச்சு, ஒரு நாளைக்கு நாலைந்து வேளை, போதும். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி, மூச்சை விட்டபடியே எழுங்கள்.

காய்ச்சல், தையலில் கசிவு, புதிதாக வீக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், விடாத வாந்தி என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பிடோக் அக்கா:

எனக்கும் குடல்தான், 2019இல். கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். அந்த மருந்து ஏறியதும் சில நாளைக்குக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்தாலே விரலில் ஊசி குத்தும். எனக்கு இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனால் யோகாவை யார் நினைத்தார்கள்? உடம்புச் சூடு தணியட்டும் என்று நாக்கைச் சுருட்டி வாயால் மூச்சிழுக்கும் சீதளி செய்தேன், ஏர்கான் அறையில் உட்கார்ந்து! தொண்டையை யாரோ பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிடம் செத்துப் பிழைத்தேன். அதிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போனாலும் முகக்கவசம், மூச்சு கொஞ்சம் சூடாக உள்ளே போகும் அல்லவா. ஐஸ் போட்ட மைலோ பெங்குக்கும் விடுமுறை.

போகப் போகப் பாதம் மரத்துப்போகலாம். ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனமெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

உட்லண்ட்ஸ் யோகா வாத்தியார்:

நச்சு போகும் என்ற பேச்சை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. யோகா புற்றுநோயைக் குணப்படுத்தாது. தூக்கம், பதற்றம், களைப்பு, இவற்றுக்கு உதவும், அதுவே பெரிய விஷயம். அமெரிக்காவில் சிகிச்சை முடித்த 410 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 4 வாரம், வாரம் இரண்டு முறை, 75 நிமிடம். மூச்சு, மென்மையான ஆசனம், தியானம். செய்தவர்களின் தூக்கம் நன்றாகவே மேம்பட்டது. ஆனால் அதில் பெரும்பாலோர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள். உங்கள் வயிற்றுத் தையலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

வயிற்றை இழுத்து அழுத்தும் புஜங்காசனம், தனுராசனம், நௌகாசனம் எல்லாம் சர்ஜன் சரி என்ற பிறகு. இப்போதைக்குக் கெண்டைக்காலை நாற்காலியில் தூக்கி வைத்துப் படுத்திருங்கள். 3 மணி விழிப்புக்கு பிராமரி, அதாவது மூச்சை விடும்போது வண்டு மாதிரி மெல்ல ரீங்காரம். ஜூரோங் ஈஸ்ட் ஜெம் கட்டடத்தில் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தெம்பனிஸ் பஸ்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் சுற்று முடிந்தது. மருந்து, அக்கா சொன்னதேதான், இப்போது வெந்நீர்தான் குடிக்கிறேன். சங்கத்துக்குப் போன் செய்தாயிற்று, இன்னும் போகவில்லை.

ரீங்காரம் செய்தால் மனைவி எழுந்துவிடுகிறாள். 4, 6 என்று எண்ணினாலும் கணக்குத் தப்புகிறது. அதனால் மூச்சை விடும்போதெல்லாம் என் பாதையில் ஒரு நிறுத்தத்தை நினைத்துக்கொள்கிறேன். கதவு திறக்கிறது, மூச்சு உள்ளே. வண்டி நகர்கிறது, மூச்சு வெளியே. தெம்பனிஸில் கிளம்பினால் பத்து நிறுத்தம் தாண்டுவதற்குள் தூக்கம். எல்லா நாளும் இல்லை, வாரத்தில் நாலு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். பந்துக் கருவியை நன்றாகத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பந்துக்கு மேல் எழும்பவில்லை. சிகரெட்.