ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி: ஒரே நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கோவைக்குயில்:
அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து நான்கு பேர் கொச்சி போகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. வெள்ளி மதியம் இறங்கி, சனி முழுக்கச் சுற்றிவிட்டு ஞாயிறு காலை ரயில் ஏறுவதாக எண்ணம். பட்டியலில் இருப்பவை: கோட்டை, வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம், சாந்தா குரூஸ் பேராலயம், டச்சு அரண்மனை, யூதர்களின் ஜெப ஆலயம், சீன வலை. மூன்று சந்தேகங்கள். கோட்டை என்று வரைபடத்தில் தேடினால் ஊர்தான் வருகிறது, கட்டடம் வரவில்லை. அது எங்கே இருக்கிறது? எர்ணாகுளத்திலிருந்து கார் எடுப்பதா, படகா? ஒரு சனிக்கிழமை இதற்கெல்லாம் போதுமா?

வட்டெழுத்து:
நேரம் போதும், கிழமைதான் தப்பு. பரதேசி ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது, அது அவர்களுடைய ஓய்வுநாள். வெள்ளி மாலை சூரியன் மறையும்போதே ஓய்வுநாள் தொடங்கிவிடும் என்பதால் வெள்ளி மதியத்துக்கு மேலும் நம்ப முடியாது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு, அதாவது நீங்கள் சொல்லும் டச்சு அரண்மனைக்கு, வெள்ளி விடுமுறை. ஆக உங்கள் திட்டப்படி இறங்கும் நாளில் அரண்மனை பூட்டு, சுற்றும் நாளில் ஜெப ஆலயம் பூட்டு. இரண்டுக்கும் இடையே நடந்தால் ஐந்து நிமிடம்தான், ஆனால் இரண்டையும் ஒரே நடையில் பார்க்க முடியாது.

திங்களிலும் சிக்கல் உண்டு. இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகமும் பாஸ்டியன் பங்களாவும் அன்றைக்கு மூடியிருக்கும். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும். தயங்காமல் போகலாம் என்றால் செவ்வாய், புதன், வியாழன். அதிலும் செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் வரிசையாக வரும். நம் ஊர்ப் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை விடுமுறையெல்லாம் அதே வாரங்களில்தான் விழும். அப்போது போவதானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் சரியானால் வரிசை இது: காலை 10 மணிக்கு மட்டாஞ்சேரி, மதியத்துக்குப் பிறகு ஃபோர்ட் கொச்சி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீன வலை, தேவாலயம் என்று காலையைக் கழித்துவிட்டு ஒரு மணிக்கு ஜெப ஆலயம் இருக்கும் ஜூ டவுன் தெருவுக்கு வருவார்கள். ஜெப ஆலயம் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிய இடைவேளைக்கு மூடியிருக்கும். வெயிலில் இரண்டு மணி நேரம் பழம்பொருள் கடைகளைச் சுற்றுவதுதான் மிச்சம்.

பாய்மரம்:
கோட்டை பற்றி. அது இல்லை என்பதே பதில். 1503இல் போர்த்துகீசியர் கட்டிய இம்மானுவேல் கோட்டைதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. 1663இல் டச்சுக்காரர்கள் பிடித்து, ஊரையும் கோட்டையையும் சுருக்கிப் புதிதாகக் கொத்தளங்கள் வைத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1806இல் அவர்கள் மதிலைத் தகர்த்துவிட்டார்கள். மிச்சத்தைத் தேடிப் பார்க்க விருப்பம் இருந்தால் மூன்று இடங்கள்:

கடற்கரை நடைபாதையோரம் கொத்தளத்தின் இடிபாடு. பலர் சும்மா கல்மேடு என்று நினைத்து மேலே உட்கார்ந்து கடலை தின்பார்கள். அதன் பக்கத்தில் கிடக்கும் துருப்பிடித்த பெரிய இரும்பு உருளைகள் பீரங்கி அல்ல, பழைய நீராவிக் கொதிகலன்கள்.

பாஸ்டியன் பங்களா. பாஸ்டியன் என்றால் கொத்தளம். 1667இல் ஸ்ட்ரோம்பெர்க் கொத்தளத்தின் மேல் எழுந்தது என்பதால் அந்தப் பெயர்.

மூன்றாவது, பிஷப் மாளிகை வளாகத்தில் உள்ள இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகம். அதன் கீழ்த்தளத்தில் கோட்டை மதிலின் ஒரு துண்டு இருக்கிறது. மேல்தளத்துப் பூசைப் பொருட்களைப் பார்த்துவிட்டு, கீழே இறங்காமலே திரும்பிவிடுவதுதான் அங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

வாஸ்கோ ட காமா விஷயத்தில் ஒரு திருத்தம். 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார், புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள், சரிதான். ஆனால் 1539இல் எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது தரையில் கம்பி வேலிக்குள் இருப்பது வெறும் கல். எல்லோரும் அதைப் படமெடுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள், சுவரைப் பார்ப்பதில்லை. முன்பு தரையில் பதிந்திருந்த கல்லறைக் கற்களைப் பெயர்த்துச் சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள்: வடக்குச் சுவரில் போர்த்துகீசியர், தெற்குச் சுவரில் டச்சுக்காரர். கப்பல் சின்னமும் மண்டையோடும் குடும்ப முத்திரையுமாக, இரண்டு ஆட்சிகள் எதிரெதிரே நிற்பதுபோல் இருக்கும். மேலே தொங்கும் பங்கா என்ற துணி விசிறிகளையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கயிற்றை வெளியே நின்று இழுப்பார்கள், ஆள் உள்ளே தெரியமாட்டான்.

முதலில் கத்தோலிக்கம், 1663க்குப் பிறகு டச்சுச் சீர்திருத்தச் சபை, 1804இலிருந்து ஆங்கிலிக்கன், இப்போது சி.எஸ்.ஐ. ஒரே கட்டடம்தான், எசமானர்கள் மட்டும் மாறினார்கள்.

சாந்தா குரூஸின் கதை வேறு. டச்சுக்காரர்கள் அதை இடிக்காமல் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் இடித்தார்கள். இன்று பார்ப்பது 1905இல் அபிஷேகம் செய்யப்பட்ட புதிய கட்டடம், பசிலிக்கா என்ற பட்டம் 1984இல் வந்தது. பழைய பேராலயத்தின் கருங்கல் தூண் ஒன்று மட்டும் வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் நிற்கிறது. உள்ளே ஓவியங்கள் அந்தோனியோ மொஸ்கேனி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி வரைந்தவை.

கழிமுகம்:
காரை எர்ணாகுளத்திலேயே விட்டுவிடுங்கள். சாலைவழி என்றால் தோப்பும்படி என்ற இடம் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும், மாலையில் நகராது. ஃபோர்ட் கொச்சித் தெருக்களில் நிறுத்த இடமும் கிடையாது.

கோவையிலிருந்து வரும் ரயில் சில எர்ணாகுளம் டவுனிலும், சில ஜங்ஷனிலும் நிற்கும். டவுன் என்றால் வடக்கு, ஜங்ஷன் என்றால் தெற்கு. இரண்டின் பக்கத்திலும் மெட்ரோ உண்டு. எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஹைகோர்ட் படகுத்துறை. அங்கிருந்து வாட்டர் மெட்ரோ படகு, ஃபோர்ட் கொச்சிக்கு இருபது நிமிடம்போல. மட்டாஞ்சேரிக்கும் இப்போது தனி முனையம் இருக்கிறது, அரண்மனைக்குப் பக்கம்.

அம்மாவுக்கு வாட்டர் மெட்ரோவே நல்லது. அதன் இறங்குமேடை மிதப்பது. கடல்நீரின் ஏற்றவற்றத்துக்கு ஏற்பப் படகோடு சேர்ந்து மேலும் கீழும் போகும், அதனால் ஏறும் இடம் எப்போதும் சமதளம். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகு இன்னும் மலிவு, காற்றும் நன்றாக வரும். ஆனால் வற்றத்தின்போது படகு தாழ்ந்து நிற்கும், இடைவெளியைத் தாண்டிக் கால் வைக்கவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

வாட்டர் மெட்ரோவில் கவனிக்கவேண்டியது திரும்பும் பயணம். ஒரு படகில் சுமார் 100 பேர்தான், ஒருவர்கூட அதிகம் ஏற்றமாட்டார்கள். விடுமுறை நாளில் சூரிய அஸ்தமனம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வரிசைக்கு வரும். ஒன்று அஸ்தமனத்துக்கு முன்பே கிளம்புங்கள், இல்லை இரவு ஃபோர்ட் கொச்சியிலேயே தங்குங்கள். டிசம்பர் 31 அன்று மட்டும் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பாப்பாஞ்ஞி என்ற பெரிய கிழவன் பொம்மையை எரிக்கும் இரவு, நிற்க இடமிருக்காது.

கோவைக்குயில்:
விடுப்பு புதன், வியாழனுக்கு மாற்றிவிட்டேன். மட்டாஞ்சேரியில் படி எவ்வளவு? ஜெப ஆலயத்தில் உடைக் கட்டுப்பாடு உண்டா?

வட்டெழுத்து:
அரண்மனையில் காட்சி மேல்தளத்தில்தான், படி ஏறாமல் எதுவும் தெரியாது. அம்மா ஒருமுறை நிதானமாக ஏறினால் போதும், மேலே எல்லாம் ஒரே தளம். டச்சு அரண்மனை என்பது பெயர்தான். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது, டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு, பலர் ஏமாந்துபோவார்கள். நேராகப் பள்ளியறைக்குப் போங்கள். சுவர் முழுக்க ராமாயணம், மூலிகை மற்றும் கனிம வண்ணத்தில். அறை மங்கலாக இருக்கும், கண் பழக இரண்டு நிமிடம் நிற்கவேண்டும். பல்லக்குகளுக்கு அரைமணி கொடுத்துவிட்டு ஓவியத்துக்கு ஐந்து நிமிடம் கொடுப்பது வீண்.

ஜெப ஆலயத்தில் அரைக்கால் சட்டையும் கையில்லாத மேல்சட்டையும் ஆகாது, செருப்பைக் கழற்றவேண்டும். கழற்றச் சொல்வதில் ஒரு லாபம்: காலடியில் இருப்பவை சீனாவிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் வந்த, கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகள். கட்டடம் 1568, மணிக்கூண்டு 1760. 'பரதேசி' என்பதை இன்றைய தமிழில் படிக்காதீர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பழைய பொருள்தான். இந்தச் சமூகத்தின் பெருமையான செப்பேடு சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. பாண்டிய நாட்டுக் கல்வெட்டு படித்தவர்களுக்குப் பழக்கமான எழுத்து அது.

ஜூ டவுனில் ஆட்டோக்காரர் மிகக் குறைந்த காசுக்குச் சுற்றிக்காட்டுகிறேன் என்றால், நடுவே இரண்டு கைவினைக் கடைகளில் ஏறி இறங்கவேண்டியிருக்கும், கமிஷன் அங்கே. இடத்துக்கு இடம் வாடகை பேசுவதே மேல்.

பாய்மரம்:
நேரம் மிஞ்சினால் இரண்டு சேர்க்கலாம். 1724ஆம் ஆண்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் கடற்கரைப் பக்கம், ஆனால் எப்போதும் பூட்டியிருக்கும். சாவிக்குப் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் கேட்கவேண்டும். கிடைக்காவிட்டால் மதிலுக்கு வெளியிலிருந்தே ஓரளவு தெரியும். இன்னொன்று வேளியில் உள்ள தோபிகானா. டச்சுப் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த வண்ணார் குடும்பங்களின் வழியினர் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். காலையில் போனால்தான் வேலை நடக்கும். தமிழில் பேசலாம், படமெடுக்கும் முன் கேளுங்கள்.

கழிமுகம்:
சீன வலையைக் கடைசியாக வையுங்கள், ஆனால் கடற்காற்றை மட்டும் பார்க்காமல் ஏற்றத்தையும் பாருங்கள். நீர் ஏறும்போதுதான் வலையை அடிக்கடி இறக்கி ஏற்றுவார்கள், வற்றத்தில் மரச்சட்டம் வெறுமனே தொங்கும். பின்பக்கம் கயிற்றில் வரிசையாகக் கட்டிய கற்கள்தான் எடைச்சமன். வலை மேலே வர வர ஒவ்வொரு கல்லாகத் தரையில் உட்காரும், அதனால் நான்கைந்து பேரே அவ்வளவு பெரிய சட்டத்தைத் தூக்கிவிடுகிறார்கள். வாங்க, இழுத்துப் பாருங்க என்று கூப்பிட்டால் கடைசியில் காசு கேட்பார்கள். கொடுக்க மனமிருந்தால் தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கத்துக் கடையில் மீன் வாங்கிச் சமைத்துத் தரச்சொல்வதானால் கிலோ விலை, எடை, சமையல் கூலி மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எடையைச் சுத்தம் செய்வதற்கு முன் போடுகிறார்களா, பின் போடுகிறார்களா என்பதையும்.