கிரகண நேரம் பிள்ளைத்தாச்சி சாப்பிடாமல் இருக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். தங்கச்சிக்கு இப்போது ஆறாம் மாதம், சீனி வருத்தமும் சேர்ந்திருப்பதால் நேரத்துக்கு நேரம் சாப்பிடச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவளின் மாமி, வரும் கிரகணத்துக்கு யன்னல் கதவு பூட்டி அறைக்குள் இருக்க வேண்டும், கத்தி ஊசி தொடக்கூடாது, முடியும்வரை பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படக்கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார், இல்லாவிட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம்.

அறைக்குள் இருப்பதும் கத்தி தொடாததும் சரி, அதால் ஒரு கேடும் இல்லை. சாப்பாடும் தண்ணியும்தான் எனக்குப் பயம். கருவில் உதடு கூடுவது 4 முதல் 7 கிழமைக்குள், இவளுக்கு அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது. மாமி நல்ல மனுசி, தங்கச்சியைத் தாங்குவதே அவர்தான், அதனால் மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.

2019 மார்கழி 26 வளையக் கிரகணம் எங்கள் பக்கத்தால்தானே போனது, அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர்கள் என்ன செய்தீர்கள், பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? குடும்பநல மாதுவை வீட்டுக்குக் கூப்பிட்டு மாமியோடு கதைக்கச் சொன்னால் எடுபடுமா? தர்ப்பை போட்டு வைத்த சாப்பாடு, தண்ணி என்றால் உங்கள் வீடுகளில் விடுவார்களா, அதையும் எழுதுங்கோ.