தோப்பு போச்சு, ஒரு மரமாவது மிஞ்சட்டும்

சைதாப்பேட்டைக்காரன்:
எங்கள் வீட்டுப் பழைய கிரையப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நாலு பக்க எல்லை விவரம், இப்படித் தொடங்கும்: ‘மாந்தோப்புக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு’. கடைசியில் வழக்கம்போல ‘மாவடை மரவடை உள்பட’, அதாவது நிற்கும் மரங்களும் சேர்த்து. மாந்தோப்பு என்ற பெயர் இன்று பள்ளிக்கூடத்துக்கு இருக்கிறது. அந்தத் தோப்பின் மரம் என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்று, அடுத்த தெரு ஆயா வீட்டுக் கொல்லையில்.

ஆயா அதைக் கற்பூரக்காய் என்பார். காம்பைக் கிள்ளினால் வழியும் பாலில் கற்பூர வாசம் வரும். பழத்தில் நார் அதிகம். ஆனால் வடு போட அதை விட்டால் வேறில்லை. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நூல் சுற்றி அளந்தேன், ஒன்பதரை அடி. இலை, பூ, காய், கொட்டை எல்லாவற்றையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தேன். வேறு கன்றில் ஒட்டுக் கட்டக் குச்சி மட்டும் எடுக்கவில்லை. அடுத்த ஆடியில் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். கரண்ட் இல்லை, எங்கள் வீட்டு வாசலிலேயே வேப்பமரம் விழுந்து கிடந்தது. நான் ஆயா வீட்டுக்குப் போக நாலு நாள் ஆயிற்று. அதற்குள் மரத்தை அறுத்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். விழுந்த மரத்திலும் குச்சி பச்சையாக இருந்தால் ஒட்டலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆயா திண்ணையில் உட்கார்ந்து, “என் மாமியார் வந்தப்பவே காய்ச்ச மரம்டா” என்றார். அந்த வார்த்தையையும் நான் பதிவு செய்யவில்லை. இப்போது ஆயாவும் இல்லை.

மாங்காட்டு அக்கா:
தம்பி, படிக்கும்போதே வயிறு பிசைகிறது. கொட்டை போட்டு வளர்த்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் பக்கத்து மாவில் அது பெரும்பாலும் நடக்காது. கன்று தாயைப் போலக் காய்க்காது. ஒட்டுதான் வழி. பென்சில் தடிமனில் குச்சியைப் பார்த்து, வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே காம்பை விட்டு இலையை மட்டும் கிள்ளிவிடுங்கள். மொட்டு உப்பியதும் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி அன்றைக்கே கொண்டுவந்துவிடுங்கள். குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவி, வேறொரு மாங்கன்றின் தண்டை வெட்டிப் பிளந்த பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மாமனார் மரத்தில் பத்து குச்சி எடுத்தேன், மூன்று பிடித்தது. மூன்றையும் மூன்று வீட்டில் வைத்திருக்கிறோம். ஒரே இடத்தில் வைக்கவே கூடாது.

அப்புறம், மரத்தடியிலேயே பெரியவர்களை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் கேட்டால் பாதி மறந்துபோகும். எந்தக் கிளை முதலில் காய்க்கும் என்பதெல்லாம் மரத்தைப் பார்த்தால்தான் வரும்.

கொண்டித்தோப்பிலிருந்து:
எங்கள் பக்கம் பேரில் மட்டும்தான் தோப்பு. சிந்தாதிரிப்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர் சுங்குராமாவின் தோட்டமாக இருந்த இடம்தான். 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். அங்கே என்னென்ன மரம் நின்றது என்று கேட்க இனி யாரும் இல்லை. பெரம்பூரில் என் சித்தி வீட்டு வாசலில் ஒரு கிழட்டு நாவல் இருக்கிறது, அந்த இடத்தில் மெட்ரோ வேலை வருமாம். சித்தப்பாவுக்கு எண்பத்தொன்று. வரும் ஞாயிறு நூலும் போனுமாகப் போகிறேன். நாவலுக்கும் இதே முறைதானா, அக்கா?