அஞ்சலைத் திறந்தாலே சான்றிதழ் எச்சரிக்கை: பழுது என் கணினியிலா, வேறெங்காவதா?

பூக்கடைக் கணக்கு (ஈசூன்):

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பூக்கடைக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கடையின் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் உண்டு. கோயில் மாலை, கல்யாண மண்டப அலங்காரம் எல்லாம் அதில்தான் ஆர்டர் வரும். தீபாவளிக்கு மூன்றே வாரம் இருக்கும்போது பார்த்து இது வந்து சேர்ந்திருக்கிறது.

ஐந்து வாரம் மன்னார்குடிக்குப் போயிருந்தேன். புறப்படும்போது வழக்கம்போல் சுவர் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து கணினியைப் போட்டு, அஞ்சல் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தால் ஒரு பெட்டி: சான்றிதழ் சரியில்லை, அதையும் மீறி நம்பப் பாதுகாப்பு விதிவிலக்கைச் சேர்க்கவா என்று கேட்கிறது. காலையில் உலாவியும் முதல் பத்து நிமிடம் எந்தத் தளத்தையும் திறக்க மாட்டேன் என்கிறது. பிறகு தானாக வழிக்கு வந்துவிடுகிறது. அஞ்சல் மட்டும் நாள் முழுக்க அடம் பிடிக்கிறது.

மகனைக் கேட்டால், "சரி என்று அழுத்துங்கள் அம்மா, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்" என்கிறான். நாற்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்; படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் முந்தாநாள் ஒரு மண்டபத்துக்காரர் அவசரப்படுத்தியதில் ஒருமுறை அழுத்தித் தொலைத்துவிட்டேன். இப்போது அஞ்சல் வரும்போது பெட்டி வருவதில்லை, நான் அனுப்பும்போது மட்டும் வருகிறது. இது என்ன கணக்கு?

இன்னொன்று. 'உங்கள் அஞ்சல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்' என்று நேற்று ஓர் அஞ்சலும் வந்திருக்கிறது. அதை இன்னும் தொடவில்லை.

சும்மா ஒருவன்:

எனக்கும் இப்படி வந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளில் அஞ்சல் சோதனையை நிறுத்தினேன், போய்விட்டது. நிறுத்திப் பாருங்கள்.

துவாஸ் இரவுப்பணி:

அம்மா, முதலில் அந்தக் கடைசி அஞ்சலை அழித்துவிடுங்கள். சான்றிதழ் என்பது உங்கள் அஞ்சலை வைத்திருக்கும் சர்வர் தான் யார் என்று காட்டும் அடையாள அட்டை, அந்தச் சர்வரில் இருப்பது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் சர்வர் வைத்திருப்பவர். வாடிக்கையாளர் அழுத்திப் புதுப்பிக்க அதில் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துக் கேட்கலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

நான் கப்பல் பட்டறை ஒன்றில் அஞ்சல் சர்வர் பார்க்கிறவன். இந்தப் பெட்டியைப் பார்க்கிற பத்துப் பேரில் ஒருவர்கூட அதில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை என்பது என் தீராத மனக்குறை. தண்டர்பேர்ட் காரணத்தையும் சேர்த்தே சொல்லும். தவறான தளம் என்றால், நீங்கள் தேடிப்போன சர்வரின் பெயர் ஒன்று, சான்றிதழில் இருக்கும் பெயர் வேறு. காலாவதியான தகவல் என்றால் தேதி ஒத்துவரவில்லை: ஒன்று அவர்கள் புதுப்பிக்க மறந்திருக்கிறார்கள், அல்லது உங்கள் கடிகாரம் பொய் சொல்கிறது. அறியாத அடையாளம் என்றால், வழங்கியவர் யார் என்று உங்கள் கணினிக்குத் தெரியவில்லை. மேலே நண்பர் சொன்ன வைரஸ் தடுப்பு விவகாரம் இந்த மூன்றாவது வகை. அந்த மென்பொருள் நடுவில் புகுந்து தன் சான்றிதழை நீட்டும். சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் என்ற இடத்தில் அந்த மென்பொருளின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். பார்க்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

அனுப்பும்போது மட்டும் ஏன் வருகிறது என்றால், சர்வரில் அஞ்சல் வாங்குவதற்கு ஒரு வாசல் (போர்ட் என்பார்கள், எண் பெரும்பாலும் 993), அனுப்புவதற்கு வேறு வாசல் (465 அல்லது 587). விதிவிலக்கு வாசலுக்கு வாசல் தனி. நீங்கள் ஒன்றுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். பெட்டியில் இருப்பது எந்தக் காரணம்? நாளைக் காலை கணினியைப் போட்டவுடன் மூலையில் என்ன தேதி இருக்கிறது? கடைக்காரரின் கைத்தொலைபேசியிலும் இதே அஞ்சல் உண்டென்றால், அது ஏதாவது கேட்டதா?

பூக்கடைக் கணக்கு:

தம்பி, தலை சுற்றுகிறது. காலை 7 மணிக்குப் போட்டேன். மூலையில் 1.1.2014 என்று இருந்தது! கொஞ்ச நேரத்தில் தானே இன்றைய தேதிக்கு மாறிக்கொண்டது. தேதி தவறாக இருந்தபோது பெட்டியில் தவறான தளம், காலாவதியான தகவல் இரண்டும் இருந்தன. தேதி திருந்திய பிறகு தவறான தளம் மட்டும்.

கடைக்காரரைக் கேட்டேன். "ஆமாம், போன வாரம் ஏதோ கேட்டது, தொடர்க என்று அழுத்தினேன்" என்கிறார், மாலைக்கு நார் கிழித்துக்கொண்டே.

கடிகாரம் என்றதும் ஒரு ஞாபகம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குச் சிங்கப்பூர் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி 12 ஆக்கினோம். என் அப்பா சுவர்க் கடிகாரத்தின் முள்ளை விரலால் நகர்த்தினார். இந்தப் பெட்டியிலும் அப்படி விரல் விட முடிந்தால் நன்றாக இருக்கும்.

துவாஸ் இரவுப்பணி:

விரல் விடலாம், விட்டே ஆக வேண்டும்! உங்களுக்கு இருப்பது இரண்டு நோய். ஒரே நாளில் கண்ணில் பட்டதால் ஒன்று போல் தெரிகிறது.

முதலாவது, கணினிக்குள் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையில் இருக்கும் பொத்தான் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஐந்து வாரம் சுவிட்ச் அணைந்திருந்ததில் உயிரை விட்டிருக்கிறது. சிஆர்2032 என்று கேளுங்கள், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினால் இருபது காசு அளவில் வெள்ளியாக மின்னும். ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் எழும்பி வரும். புதியதை எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் கணினியின் குற்றமே அல்ல, கைத்தொலைபேசியும் கேட்டிருக்கிறதே. அஞ்சல் இடம் கொடுக்கும் நிறுவனம் சர்வரை மாற்றியிருக்கும். புதிய சர்வரின் சான்றிதழில் உங்கள் கடைப் பெயர் இருக்காது. பழைய ரசீதில் உள்ள எண்ணுக்கு அழைத்து, 'எங்கள் அஞ்சல் பெயரையும் சான்றிதழில் சேருங்கள், இல்லாவிட்டால் எந்தச் சர்வர் பெயரைப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பெட்டியில் தெரியும் பெயரை நீங்களாகவே எடுத்து அமைப்பில் போட்டுவிடாதீர்கள். நடுவில் நிற்பவன் திருடனாக இருந்தால் அவன் பெயரையே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஒப்புக்கொண்ட விதிவிலக்கையும் நீக்குங்கள்: அமைப்புகள், தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, சான்றிதழ்களை நிர்வகி, அதில் சர்வர்கள் என்ற பகுதி. அங்கே உங்கள் அஞ்சல் சர்வரின் பெயர் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததும் மறைச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

பழைய ஆப்பிள்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அறியாத அடையாளம் என்ற வகையில் அடி வாங்கியவன் நான். என் பழைய ஐமேக் எல் கேப்டன் என்ற பழைய இயங்குதளப் பதிப்பைத் தாண்டிப் போகாது. 2021 செப்டம்பர் 30 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு ஜாமீன் நிற்கும் பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ் வைத்திருந்த தளங்களை எல்லாம் மறுநாளிலிருந்து என் ஐமேக் அந்நியனைப் போல் பார்க்க ஆரம்பித்தது. கடிகாரம் சரி, சர்வரும் சரி. என் கணினிக்குத்தான் வயதாகிவிட்டது.

துவாஸ் இரவுப்பணி:

அதேதான். இனித் தேதித் தகராறும் கூடும். 2020 செப்டம்பரில் ஒரு சான்றிதழின் ஆயுளுக்கு அதிகபட்சம் 398 நாள் என்று வைத்தார்கள். அதை 2026 மார்ச் 15 முதல் 200, 2027இல் 100, 2029இல் 47 என்று குறைப்பதாக முடிவு. தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யாத நிறுவனங்கள் மாதா மாதம் முழிக்கப்போகின்றன. என்னையும் சேர்த்துத்தான்.

பூக்கடைக் கணக்கு:

முடிந்தது. புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் பேட்டரி இரண்டு வெள்ளி. மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அதில் அரை மணி நேரம் உள்ளே இருந்த தூசியைத் துடைத்தேன். இன்று காலை தேதி சரியாக இருந்தது.

நிறுவனத்தை அழைத்தேன். சர்வரை மாற்றியது உண்மைதானாம், வாடிக்கையாளர்களுக்கு அஞ்சல் அனுப்பினோம் என்றார்கள். தேடினால், நான் ஊரில் இருந்தபோது வந்து ஆர்டர்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது. இரண்டு நாளில் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். விதிவிலக்கை நீக்கினேன், பெட்டி வரவில்லை. மகனிடம் சொன்னேன், "சரி" என்று மட்டும் சொன்னான்.

மறைச்சொல்லையும் மாற்றினேன். கடைக்காரரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன். இன்று காலை ஐந்தரைக்கு அழைத்து, "கைத்தொலைபேசி மறுபடியும் ஏதோ கேட்கிறது, இந்தத் தடவை தொடர்க என்ற பொத்தானே இல்லை" என்றார்.