முழங்காலுக்குள் கறுப்பு: மூட்டு மாற்றிய அனுபவங்கள்

ஹட்டன் பக்கத்திலிருந்து:

அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் முழங்கால் வலியை யார் நோயாக எடுக்கிறார்கள்? கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால், வலிக்கத்தான் செய்யும் என்பார்கள். கடைசியில் நடக்கவே முடியாமல் போய், கண்டியில் மூட்டு மாற்றினோம்.

ஒப்பரேஷன் முடிந்து வந்த டொக்டர் முதலில் கேட்டது, "அம்மாவுக்குச் சிறுநீர் கொஞ்ச நேரம் கிடந்தால் கறுக்குமா?" என்று. திறந்து பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு கரி பூசியது மாதிரி இருந்ததாம். அம்மா அசரவே இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். அம்மாயி பிள்ளைத் துணியைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தால் கறை இன்னும் கறுக்குமாம். காரம் பட்டால் அது அப்படித்தான் என்றார் டொக்டர். காது மடலின் நீலமும் கண் வெள்ளையில் இருந்த பழுப்புத் திட்டும்கூட இந்த நோயால்தானாம்.

நோயின் பெயர் அல்காப்டோனூரியா. சாப்பாட்டின் புரதத்திலிருந்து உடம்பில் உண்டாகும் ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடைக்கும் நொதி வேலை செய்யாது. சிறுநீரில் போனது போக மிச்ச அமிலம் குருத்தெலும்பில் கறுப்பாகப் படிந்து அதை நொறுங்க வைக்கும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். அம்மாவின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். நம்ம பக்கம் இது புதினமா? 1902இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய வைத்தியர் கரோடும் சொந்தத்தில் கட்டிய பெற்றோரைத்தான் கவனித்திருக்கிறார்.

மாற்றிய காலில் அம்மா நன்றாக நடக்கிறார். உலோகமும் பிளாஸ்டிக்கும்தானே, அதில் கெட்டுப்போகக் குருத்தெலும்பு இல்லை. மற்றக் கால்தான் படுத்துகிறது, அதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, நான் பிசியோதெரபி செய்பவள். இதே நோயோடு இடுப்பு மாற்றிய ஒரு ஐயாவைப் பார்த்திருக்கிறேன். முள்ளந்தண்டு வட்டுகள் கல்லாகி, முதுகில் ஊசி போட வழியில்லாமல் முழு மயக்கம்தான் கொடுத்தார்கள். கழுத்தும் விறைத்திருந்தால் தொண்டையில் குழாய் இறக்குவதும் சிரமம். அதனால் அடுத்த காலுக்குத் தேதி எடுக்கும்போதே மயக்க மருந்து டொக்டரிடம் நோயைச் சொல்லுங்கள். இதய வால்வும் இதில் கல்லாகலாம், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், இவர்களுக்குத் தசைநாண் நொய்ந்திருக்கும், இலேசில் அறுந்துவிடும். மல்லுக்கட்டி மடக்கக் கூடாது. "வலித்தாலும் மடக்கு" என்று வீட்டில் அதட்டுகிற மகன்மாருக்குத்தான் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து:

எனக்கும் இதே நோய்தான், மூட்டு மாற்றும் அளவுக்கு இன்னும் வரவில்லை. நிட்டிசினோன் என்ற மாத்திரை இந்த அமிலம் உருவாவதையே அடக்கும். 2020இல் ஐரோப்பாவில் இந்த நோய்க்கு அனுமதித்தார்கள். ஆனால் புரதத்திலிருந்து வரும் டைரோசின் இரத்தத்தில் ஏறி கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் புரதத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டும். கெட்டுப்போன மூட்டை அது திருப்பித் தராது. அண்ணே, அம்மாவின் கூடப்பிறந்தவர்களும் சிறுநீரை ஒரு போத்தலில் திறந்து வைத்துப் பார்க்கட்டும். கறுத்தால் லேப்புக்குக் கொடுத்து உறுதி செய்யலாம்.