லேமினேட் செய்த ஆஃபர் லெட்டர்: டிகிரி முடிச்ச முதல் வருஷத்தில் எதை ஜெயிப்புன்னு சொல்றது?

பாலக்கோட்டுக்காரர்:
போன வாரம் ஒரு காதுகுத்து. பந்தியில் ஒரு பெரியவர், மகனோட ஆஃபர் லெட்டரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். லேமினேட் பண்ணியிருந்தது. "மூணு லட்சம்ங்க. பையன் ஜெயிச்சிட்டான்." தக்காளி ரோட்டில் கொட்டின வருஷத்திலும் காலேஜ் ஃபீஸை நிறுத்தாத மனுஷர். ஆனா அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாவே பிளாஸ்டிக்குக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தது. சம்பளப் பிரிப்புத் தாள் எங்கேன்னா, "அது வீட்டில் கிடக்குது" என்றார். அந்தத் தாளில்தானே எல்லாமே இருக்குது!

ஓசூர் பேரோல்:
அந்தத் தாள் என்ன சொல்லும்னு பார்க்கலாம். சிடிசின்னா பையனுக்காகக் கம்பெனி செலவழிக்கிற மொத்தம். வருஷம் 3,00,000 சிடிசின்னா மாசம் 25,000. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி, 12,500ன்னு வைங்க. கம்பெனி கட்டற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், 1,500. கிராஜுவிட்டி, வேலையை விடும்போது தர்ற பணிக்கொடை, 4.81 சதவீதம், 601. இரண்டும் சிடிசிக்குள்ளேயே அடங்கியிருக்கும். மீதி 22,899. அதில் பையன் பங்கு பிஎஃப் 1,500 போனா 21,399. கேன்டீன், பஸ், தொழில் வரி தனி. வேரியபிள்னு, அதாவது வேலையைப் பொறுத்து ஏறி இறங்கற பங்குன்னு, ஒரு வரி இருந்தா இன்னும் குறையும். 25,000ஐ நம்பி முதல் மாசமே வண்டிக்கு ஈஎம்ஐ போடறவங்கதான் மூணாவது மாசம் லோன் ஆப்பில் மாட்டறாங்க. கைக்கு வர்ற தொகையை வீட்டில் முதல் நாளே சொல்ற பிள்ளைதான் என் கணக்கில் ஜெயிச்ச பிள்ளை.

ஊத்தங்கரை டிப்ளமோ:
கணக்கு சரிங்க, பதவிப் பேரை விட்டுட்டீங்க. "அப்ரன்டிஸ்"னு இருந்தா 1961 சட்டப்படி அது பயிற்சி. பிஎஃப் கிடையாது, வர்றது உதவித்தொகை. அது தப்பான வழின்னு சொல்லலை. சென்னை தரமணியில் இருக்கிற தொழிற்பயிற்சி வாரியத்தில் ஒப்பந்தம் பதிவானா, வருஷம் முடிஞ்சதும் சான்றிதழ் வரும், அடுத்த இடத்தில் பேசும். பதிவே பண்ணாம "டிரெய்னி"ன்னு ஷிப்ட்ல நிறுத்தினா இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஒப்பந்த எண்ணைக் கேட்டு வாங்கணும்.

தருமபுரி நூலகம்:
எல்லாரும் சம்பளத்திலேயே நிக்கறீங்க. நூலகத்தில் ஒரு பொண்ணு, பி.இ. முடிச்சது, டிஎன்பிஎஸ்சி நடத்தற அரசு வேலைத் தேர்வான குரூப் 4 விடைக்குறிப்பை வெச்சுத் திருத்திட்டு ஓரத்தில் 57ன்னு எழுதி வட்டம் போட்டிருந்தது. தமிழ்ப் பகுதி அது. 100 கேள்வி, ஒண்ணுக்கு ஒன்றரை, மொத்தம் 150. 60 வாங்கலைன்னா மத்த 100 கேள்வியைத் திருத்தவே மாட்டாங்க. 38 சரி, 40 வேணும். பொது அறிவும் கணக்கும் நல்லா எழுதின பொண்ணு. தெருவில் "இன்னும் சும்மாதான் இருக்குது"ன்னு பேசறாங்க. ரெண்டு கேள்விங்க! பள்ளித் தமிழ்ப் புத்தகம், ஆறாவதிலிருந்து, இலக்கணப் பகுதி முதல்ல. அடுத்த முறை அதுதான் வேலை.

கிருஷ்ணகிரி இ-சேவை:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன், தினம் பார்க்கிறது இதுதான். மார்க் ஷீட்டில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பேரு முழுசா, பான் கார்டில் வேற மாதிரி. வேலைக்குச் சேர்ந்து யுஏஎன், அதாவது பிஎஃப்க்கான நிரந்தர எண், வந்த பிறகு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஏறாது, வேலை மாறும்போது பிஎஃப் நகராது. கடைசி செமஸ்டரிலேயே மூணையும் பக்கத்தில் வெச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க, பிறந்த தேதியும் சேர்த்து. பல்கலைக்கழகத்தில் பேர் திருத்த மாசக்கணக்கில் ஆகும், அதனால மார்க் ஷீட் எப்படியோ அப்படியே ஆதாரைத் திருத்தறது சுலபம். பேரை ரெண்டு தடவைக்கு மேல சாதாரணமா மாத்த விடமாட்டாங்க, முதல் தடவையே சரியாக் கொடுங்க. அடுத்தது, வேலை மாறினா புது யுஏஎன் வாங்காதீங்க. பழைய எண்ணைக் கொடுத்துப் பணத்தை மாத்துங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்தா வரி வரலாம். பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தாத்தான் பென்ஷன், எடுத்துட்டா எண்ணிக்கை திரும்ப ஒண்ணிலிருந்து. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், விட்டுட்டு வராதீங்க.

ஓசூர் பேரோல்:
நூலகம் சொன்னதை ஒத்துக்கறேன், தெரு பேசறது தப்பு. ஆனா அந்தப் பொண்ணு எத்தனை முறை எழுதும்னு இப்பவே ஒரு தேதி வெச்சுக்கிட்டாத்தான் நல்லது.

தருமபுரி நூலகம்:
தேதியை அந்தப் பொண்ணு வைக்கட்டும். நீங்களும் நானும் வேண்டாம்.

பாலக்கோட்டுக்காரர்:
பெரியவர்கிட்ட நேத்து பேசினேன். மெயிலில் வந்ததை இன்னொரு பிரதி எடுத்துப் பையன் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டானாம். பிரிப்புத் தாளை இன்னும் யாரும் படிக்கலை. ஞாயித்துக்கிழமை போறேன், அவங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாப் படிச்சுக் காட்டணும்.